நாவல் கொட்டை

கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த தில்லைநாயகத்துக்கு ஒயின் சேர்ப்பதில் பைத்தியம். அவர் பங்களாவின் நிலவறையில் அறுபது பாட்டில் பழைய பிரெஞ்சு ஒயின் இருந்தது. விருந்தாளிகளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, "ஓக் மர வாசனை தெரியுதா? தெரியலைன்னா உங்களுக்கு நாக்கே இல்லைன்னு அர்த்தம்" என்பார். இதுவரை நாக்கு இல்லாத விருந்தாளி ஒருவர்கூட வந்ததில்லை.

ஒருநாள் அவர் தனக்கு ஊற்றிக்கொண்டபோது ஒயினோடு சேர்ந்து ஒரு நாவல் கொட்டையும் கிளாஸில் விழுந்தது.

நிலவறைச் சாவி சமையல்காரர் சவரிமுத்துவிடம்தான் இருக்கும். அவரைக் கூப்பிட்டுக் கொட்டையைக் காட்டினார். சவரிமுத்து எதையும் மறைக்கவில்லை.

"என் மக கல்யாணத்துக்கு ஒயினை எடுத்தேங்க ஐயா. வத்தலக்குண்டு நாவல்பழத்தைப் பிழிஞ்சு பாட்டில்ல ரொப்பி வெச்சேன்."

"அறுபதுமா?"

"சம்பந்தி வீட்ல ஆள் ஜாஸ்திங்க. புளிக்குதுன்னு சோடா கலந்துதான் குடிச்சாங்க."

தில்லைநாயகம் போனைக் கையில் எடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள என் ஒயினுக்கான பணம் அத்தனையும் இங்க இருக்கணும். இல்லைன்னா போலீஸ்."

"கூப்பிடுங்க ஐயா. எப்ப எடுத்தேன்னு கேப்பாங்க. கல்யாணம் போன ஆவணியில. தீபாவளி விருந்து அதுக்கப்புறம். அன்னிக்கு ஜட்ஜ் ஐயாவுக்கு நீங்க அரை மணி நேரம் ஓக் மர வாசனை காட்டினதையும் சேத்துத்தான் சொல்லணும்."

தில்லைநாயகம் போனைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை கலெக்டர் சாப்பிட வர்றார்" என்றார். "இந்தத் தடவையாவது ஒழுங்கா வடிகட்டு."