நூலுக்கு எட்டாத காடு

மழை கேட்காமலே வந்துபோன காலத்தில், கார்மலை நாட்டைக் குலபூஷணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு கட்டளை, சாயங்காலம் அதற்கு நேரெதிராக இன்னொன்று. அப்படிப்பட்ட ராஜா.

ஒருநாள், "எந்தக் காட்டில் மரம் குறைவோ அது சோம்பேறிக் காடு. வெட்டித் தள்ளு" என்றான். எண்ணும் வேலை வனப் பிரதானி அடவிராயருக்கு. ஆற்றோரம் அவர் வளர்த்த முள்முருங்கைத் தோப்பை ராஜா திரும்பியும் பார்ப்பதில்லை, மலைக்காட்டையே புகழ்கிறான் என்று அவருக்கு வயிற்றெரிச்சல். மரத்துக்கு ஒரு முழ நூல் கட்டி, கட்டிய நூலை எண்ணினார். தோப்பில் பத்தாயிரம், மலையில் நானூறு.

மலையில் விழுந்த கொம்புகளைப் பொறுக்கிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவள் மூக்காயி. காடு போனால் அவள் பிழைப்பும் போச்சு. போய்ப் பார்த்தாள். நூல் கட்டியிருந்ததெல்லாம் கன்றுகள். நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத வேங்கையில் நூலே இல்லை. சுர்ரென்று ஏறியது அவளுக்கு. கரிக்கையோடு அரண்மனைக்குப் போய் நின்றாள்.

"மகாராசா, மலையை வெட்டுங்க, நான் குறுக்கே நிக்கல. அதுக்கு முன்னால பிரதானி அதே நூலால உங்க யானைகளை எண்ணிக் காட்டட்டும்."

"யானை எண்ணத் தெரியாதா எனக்கு?" என்று இளித்தார் அடவிராயர்.

"நூல் சுத்தினாத்தான் எண்ணிக்கை. உங்க விதிதானே, சாமி?"

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். எல்லோரும் யானைக் கொட்டாரத்துக்குப் போனார்கள். முழ நூல் யானைக் காலைக்கூடச் சுற்றவில்லை. வாசலில் மேய்ந்த ஆட்டுக்குட்டிகளைத்தான் சுற்றியது.

"ஆக, மகாராசாகிட்ட யானையே இல்லை. ஏழு ஆட்டுக்குட்டி இருக்கு. ஊர்வலத்துக்கு எதுல ஏறப்போறீங்க?"

முதலில் சிரித்தவன் ராஜாதான். பிறகு, "நூல் எட்டாத மரத்தையெல்லாம் என்னய்யா செய்தீர்?" என்றான்.

"விட்டுவிட்டேன், பிரபு. எல்லாம் கிழட்டு மரங்கள். என் மரம் கிடுகிடுவென வளரும்."

"வளரும், பஞ்சு மாதிரி. ஒரு வண்டி சுட்டாலும் ஒரு கூடை கரி தேறாது. மலையில பல சாதி மரம். ஒண்ணு வெயிலைக் குடிக்கும், ஒண்ணு அதன் நிழல்ல வளரும். மெதுவா, கெட்டியாச் சேத்து வெச்சிருக்கு. ஒரு வேங்கைக் கொம்பு போதும், ரெண்டு கூடை கரி. சுட்டுத்தான் பாருங்களேன்."

சுட்டார்கள். நாலாம் நாள் மூட்டத்தைப் பிரித்தபோது அவள் சொன்னபடியே இருந்தது.

"மலை பிழைத்தது. உனக்கு என்ன வேண்டும்?"

"பத்து மொட்டைக் குன்று. பிரதானி கையால பல சாதி விதையும் நடணும்."

"பத்தா? மூன்று."

"மூணுக்கா நான் வேலையை விட்டுட்டு வந்தேன்? ஒன்பது."

"ஐந்து."

"ஏழு. மகாராசா முகத்துக்காக."

"சரி, ஏழு. எப்போது அது மலைக்காடு மாதிரி ஆகும்?"

"உங்க பேரன் காலத்துல. அதுவும் இந்த மழைக்கே நட்டாத்தான்."

அடவிராயர் முனகிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். ஐப்பசி மழைக்கு ஏழு குன்றிலும் முளை கிளம்பியது. முதல் முளையைக் கண்டு, ஊரையே கூட்டிவந்து காட்டியவர் அவர்தான்.