சுடாமல் விட்ட ஈரல்

இருபது வருடம் கத்தி பிடித்த டாக்டர் இசக்கியப்பன், ஐம்பதை நெருங்கும்போது ஊசி பிடிக்கக் கற்க வந்தார். குரு மெஹருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"வயித்தைத் திறக்க வேண்டாம். ஊசியைக் கட்டிக்குள்ள இறக்கி, முனையைச் சூடாக்கிச் சுடணும். எங்க நிறுத்தணும்கிறதுதான் பாடம்" என்றார் குரு.

அந்த வருடமே இசக்கியப்பனின் அக்கா வேலம்மாளுக்கு ஈரலில் கட்டி வந்தது. தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவள். கட்டி நெல்லிக்காய் அளவுதான். இருந்த இடம்தான் பொல்லாதது. ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய், மறுபக்கம் பித்தக்குழாய்.

குருவே ஊசியை இறக்கினார். இசக்கியப்பன் பக்கத்தில் நின்றார். திரையில் கட்டி வெந்து வெளுத்தது.

"போதும்" என்றார் குரு.

"இன்னும் கொஞ்சம் சுடுங்க மேடம்."

"போதும், டாக்டர்."

மறுநாளே அக்கா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

"எய்யா, ஊருக்கு எப்ப வாரே?"

"முதல்ல கட்டி சுத்தமா போகட்டும்க்கா" என்றார் தம்பி, ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், ரத்தக்குழாயை ஒட்டி ஒரு துணுக்கு வேகாமல் நின்றது. இசக்கியப்பனுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. நேரே குருவின் அறைக்குப் போனார்.

"அன்னிக்கே சொன்னேனே மேடம். இன்னும் சுட்டிருந்தா இது நின்னிருக்குமா?"

குரு எழுந்தார். ஒரு காகிதக் கப்பில் பாதி தண்ணீர் ஊற்றினார். மெழுகுவத்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்தார்.

"இந்தக் கப்போட அடியை எரிங்க."

இசக்கியப்பன் சுடரை அடியில் பிடித்தார். காகிதம் கறுத்ததே தவிர, பற்றவில்லை. வீம்புக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தார். சுடர் பக்கவாட்டில் ஏறி, தண்ணீர் படாத மேல்விளிம்பு குப்பென்று பற்றிக்கொண்டது. பதறிப்போய் கப்பைக் கைகழுவும் தொட்டியில் போட்டார்.

"சூட்டைத் தண்ணி வாங்கிக்கிச்சு. அங்க ஈரல்ல, பக்கத்துக் குழாய்ல ஓடுற ரத்தம் வாங்கிக்கிச்சு. விடாம சுட்டிருந்தா எது வெந்திருக்கும்?"

"பித்தக்குழாய்" என்றார் இசக்கியப்பன். குரல் இறங்கிவிட்டது.

"அடுத்த வாரம் வேற கோணத்துல ஊசி போடுவோம். மிச்சமும் போயிடும்னு நம்புறேன்."

"அதுக்கப்புறம்?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். வேற இடத்துல புதுசா முளைச்சா மறுபடி சுடணும். அதுக்கு நல்ல ஈரல் மிச்சம் இருக்கணும்ல?"

தொட்டியில் கிடந்த கருகிய கப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார் இசக்கியப்பன். அவர் ஏங்கியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு.

"'இனி பயமில்லக்கா'ன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் மேடம். அதை எப்ப சொல்லுவேன்?"

"காலைல அவங்களைப் பாத்தேன். பயத்தைப் பத்தி அவங்க ஒண்ணும் கேக்கலியே."

"பின்ன என்ன கேட்டா?"

"'டாக்டரம்மா, எந்தம்பிக்கு ரெண்டு நாள் லீவு குடுப்பீயளா, எங்கையால ஒரு வாய் சோறு தின்னு வருசக்கணக்காச்சு'ன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன்."