வழித்துணைக்கு ஒரு நாள் விடுப்பு

புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் மூத்த மாணவன் ஒருவனை வழித்துணையாகப் போடுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். இயற்பியல் துறையில் கதிரேசன் வழித்துணையாகக் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அது உண்மைதான். அவனுக்கும் அது தெரியும்.

அப்படிப்பட்டவன் ஒரு மாலை, பேராசிரியர் அங்கயற்கண்ணியின் அறைக்கு வாடிய முகத்தோடு வந்து நின்றான்.

“எங்கிட்ட விட்ட புதுப் பையன் சுடலைமணி படிப்பை விட்டுட்டுப் போறானாம் மேடம். பெட்டியைக் கட்டிட்டான்.”

“ஏனாம்?”

“இங்க யாரையுமே தெரியலையாம். நான் எதுல குறை வெச்சேன்? வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். மெஸ்ஸுல பக்கத்துலயே உக்காருறேன். அவன் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடறேன்.”

“எப்போ கிளம்புறான்?”

“நாளைக்கு ராத்திரி பஸ்.”

“அப்ப நீ காலையிலயே மதுரைக்குப் போ. ரிப்பேருக்குக் கொடுத்த மைக்ராஸ்கோப்பை வாங்கிட்டு வா.”

கதிரேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நாளைக்கா? நான் இல்லாட்டி அவன் சாப்பிடக்கூட மாட்டானே!”

“போனை இங்க வெச்சுட்டுப் போ” என்றார் அவர்.

மறுநாள் முழுக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக விடுதிக்கு ஓடினான். சுடலைமணியின் அறை பூட்டியிருந்தது. போய்விட்டான் என்றே நினைத்தான்.

அப்போது வாலிபால் மைதானத்தில் ஒரு சத்தம் கேட்டது.

“கோட்டுக்கு உள்ளேதாம்ல விழுந்துச்சு! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

சுடலைமணிதான். எதிர் அணிக்காரர்கள் அவனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். கதிரேசனைப் பார்த்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“எங்கண்ணே போனீய? காலையில லேப் எங்கன்னு தெரியாம அலைஞ்சிட்டேன். கடைசியில இந்தப் பயலுவகிட்டக் கேட்டேன். அவனுவதான் கூட்டிட்டுப் போனானுவ. மத்தியானம் சாப்பிடவும் இழுத்துட்டுப் போயிட்டானுவ.”

“ஊருக்குப் போகலையா?”

“நாளைக்கு மேட்ச் இருக்குண்ணே!”

கதிரேசன் மைக்ராஸ்கோப்பைப் பேராசிரியரின் மேசைமேல் வைத்தான்.

“அடுத்து வர்ற பையனுக்கும் நான் வழித்துணையா இருக்கலாமா மேடம்?”

“நீதான் இருக்கணும்.”

“அவன் ஏதாவது கேட்டா?”

“‘எனக்குத் தெரியாது, அதோ போறாங்களே, அவங்களைக் கேளு’ன்னு சொல்லு.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தாலுமா?”

“தெரிஞ்சிருந்தா மட்டும்தான் அப்படிச் சொல்லணும். தெரியலைன்னா, நீயும் அவன்கூடப் போய்க் கேளு.”