கதவுக்கு வெளியே நின்ற காது

மழையும் மூடுபனியும் குடிகளைவிட அதிகமாக இருந்த ஒரு தீவு நாட்டை, முன்னொரு காலத்தில் ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரு பிடிவாதம். தம் காதால் கேட்டதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். கண் ஏமாற்றும், எழுத்து ஏமாற்றும், காது ஏமாற்றாது என்பார். அதனால் வழக்கு எங்கே எழுந்ததோ அங்கேயே பரிவாரத்தோடு போய் இறங்குவார். பரிவாரத்தின் விருந்துக்காக அந்த ஊர் வாத்துகளுக்கு அன்றோடு ஆயுள் முடியும்.

ஒரு கார்காலத்தில் அவர் அப்படிப் போய் இறங்கிய இடம் ஹவீசா சீமாட்டியின் கோட்டை.

அரசரோடு விகடகவி டிக்கனும் போனான். மனமில்லாமல் போனான். ஹவீசாவை அவனுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவள் தந்தையின் மாளிகையில்தான் அவன் முதலில் விகடம் செய்தது. அந்தப் பிரபு ஒருமுறை அரசரின் கோபத்தைத் தணிக்க இரண்டு வேட்டை நாய்களையும் டிக்கனையும் சேர்த்துக் காணிக்கையாக அனுப்பினார். நாய்கள் செத்துப்போயின. டிக்கன் இருந்தான்.

ஹவீசாவின் வாழ்க்கையும் யாரோ யாருக்கோ அனுப்பிய காணிக்கை போலத்தான் நடந்தது. பெற்றவள் பெற்ற அன்றே போனாள். பால்பல் விழும் வயதில் ராபர்ட் பிரபுவுக்கு என்று நிச்சயம் செய்தார்கள். வளர்ந்ததும் அனுப்பிவைத்தார்கள். இருவருக்கும் ஒத்துப்போனது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன்மார் காய்ச்சலில் போனார்கள். தந்தை போனார். கடைசியில் அரசருக்காகப் போருக்குப் புறப்பட்ட ராபர்ட், களத்தை எட்டும் முன்பே ஆற்று வெள்ளத்தில் போனான். அப்போது அவள் நிறைமாதம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் இறந்த பின் குழந்தை பிறந்தால், அது நான்கு சுவருக்குள் அழுத சத்தம் வெளியே ஓர் ஆண் காதில் விழ வேண்டும். விழுந்தால் குழந்தை பிறந்தது என்று பொருள். பிறகு அது இறந்தாலும் கோட்டை தாய்க்கு. விழாவிட்டால் குழந்தை பிறக்கவே இல்லை. கோட்டை பங்காளிக்கு, விதவையை அரசர் விரும்பியவருக்குக் கட்டிவைக்கலாம். பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. உள்ளே இருக்கும் பெண்களின் சாட்சி செல்லாது. எனவே கதவுக்கு வெளியே ஒருவர் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் அந்தப் பங்காளியாகவே இருப்பார். இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஹவீசாவின் கதவுக்கு வெளியே நின்றவர் ராபர்ட்டின் பெரியப்பா மகன் ஒஸ்பர்ட் பிரபு. தலைநகரில் அரசருக்குப் பதிலாக வழக்குகளைக் கேட்கும் பதவி அவருடையது. அந்தப் பதவிக்கு முன்னால் இந்தக் கோட்டை ஒரு கோழிக்கூடு. இருந்தும் கோழிக்கூட்டையும் விட அவருக்கு மனமில்லை.

குழந்தை பிறந்தது. பெண். கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை.

பெரிய கூடத்தில் அரசர் உட்கார்ந்தார். ஒஸ்பர்ட் திருச்சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"அரசே, மாலையிலிருந்து அந்தக் கதவை விட்டு நான் நகரவில்லை. எந்த அழுகையும் என் காதில் விழவில்லை."

"அழுதது, மகாராசா!" என்று மருத்துவச்சி எம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "என் கையிலதான் அழுதது. ரெண்டு தடவை!"

"கிழவி, உன் சொல் சபை ஏறாது. பேசாமல் இரு" என்றார் அரசர். பிறகு ஒஸ்பர்ட்டைப் பார்த்தார். "கதவு கனமானதோ? சத்தம் வெளியே வராமல் போயிருக்குமோ?"

இங்கேதான் ஒஸ்பர்ட் வேண்டாத ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார். "கேட்க வேண்டுமா அரசே! உள்ளே போர்முரசு கொட்டினாலும் வெளியே ஓர் ஈ பறக்கும் சத்தம்கூட வராது. இதற்கும் சத்தியம் செய்கிறேன்." செய்தார். "அத்துடன் ஒரு விண்ணப்பம். ஹவீசா இனி ஆதரவற்றவள். அவளை அடியேனே ஏற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்."

"எவ்வளவு பெரிய மனசு!" என்றான் டிக்கன். "கூட்டை எடுத்துக்கொண்டவர் கோழியையும் எடுத்துக்கொள்கிறார்."

அரசவையினர் முகம் சுளித்தார்கள். டிக்கனை அவர்களுக்குப் பிடிக்காது. அரசர் சிரிப்பது அவனுக்கு மட்டும்தான் என்பது அவர்களுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அவர்களில் ஒருவர் குனிந்து, "அரசே, டிக்கனால் முடியாதது உண்டா? அந்தக் குழந்தையின் அழுகையை அவனே கேட்கவைக்கட்டுமே" என்று எடுத்துக்கொடுத்தார்.

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "சரி. டிக்கன், நாளைக் காலை அந்த அழுகை என் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் கோட்டையும் அவளும் ஒஸ்பர்ட்டுக்கு. நீயும் கூடவே போ, அவர் வீட்டில் நாய்கள் குறைவாம்."

கூடம் சிரித்தது. டிக்கனும் சிரித்தான். அது அவன் தொழில்.

மாலையில் ஹவீசாவைப் பார்க்கப் போனான். அவள் கோட்டைத் தேவாலயத்தின் வாசல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிறிய மரப்பெட்டி. பிறந்த குழந்தை என்று தீர்ப்பு வந்தால் உள்ளே, தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம். இல்லை என்றால் மதிலுக்கு வெளியே, வேலியோரம். அதுவரை பெட்டி வாசலில் இருக்கட்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார்.

"வா டிக்கா. நாளைக்கு ஏதோ வேடிக்கை காட்டப்போறியாமே."

"இன்னும் ஒண்ணும் தோணலைம்மா."

"கோட்டை போனா போகட்டும். என்னை யாருக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். எனக்கு அது பழகினதுதான்." அவள் பெட்டியின் மூடியைக் கையால் துடைத்தாள். அதில் தூசி இல்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அவ அழுதாளா?"

டிக்கன் நிமிர்ந்தான். "நீங்க கேக்கலையா?"

"எனக்கு நினைவே இல்லை. கண்ணு முழிச்சப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. எம்மா அழுததுன்னுதான் சொல்றா. எம்மா நல்லவ. சின்ன வயசுல என் பல்வலிக்கு எங்கம்மா சொர்க்கத்திலேர்ந்து ஊதுறாங்கன்னு சொன்னவ. என்னைத் தேத்துறதுக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவா."

"பொய் சொல்லாத ஆள் யாராவது சொல்லணும்."

"அப்படி ஒரு ஆள் அங்கே இல்லையே, டிக்கா."

டிக்கன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். "பொய்யால லாபம் இல்லாத ஆள் சொன்னாப் போதுமா?" என்றான். அவளுக்கு அது புரியவில்லை. அவன் விளக்கவும் இல்லை.

மறுநாள் காலை பிரசவ அறை வாசலில் எல்லாரும் கூடினார்கள். ஹவீசா படிக்கட்டின் உச்சியில் வெள்ளை முக்காட்டோடு நின்றாள். டிக்கன் அரசரை வணங்கினான்.

"அரசே, ஒஸ்பர்ட் பிரபு அன்று நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பக்கத்தில் தாங்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நான் திரும்பி வரும்வரை, கேட்டதைப் பற்றித் தாங்கள் வாய் திறக்கக்கூடாது. பிரபுவிடம் மட்டும் அவ்வப்போது, கேட்டதா என்று விசாரியுங்கள்."

கதவு மூடியது. உள்ளிருந்து அவன் குரல் வந்தது. உரக்க இல்லை. சாதாரணப் பேச்சு.

"ஒஸ்பர்ட் பிரபுவின் மீசை அவருடையதல்ல. அவருடைய குதிரையுடையது. குதிரை இன்றும் வால் போன பின்பக்கத்தைச் சுவரோரம் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது."

அரசரின் கன்னம் துடித்தது. "ஏதாவது கேட்டதா, பிரபு?"

ஒஸ்பர்ட் என்ன செய்வார்? முரசு கொட்டினாலும் கேட்காது என்று சிலுவையைத் தொட்டுச் சொன்னவர். "ஒன்றும் இல்லை, அரசே."

"சென்ற போரில் பிரபு பெரிய சங்காரம் செய்தார். எல்லாம் சமையல் கூடாரத்தில். மாண்டவை அனைத்தும் வாத்துகள்."

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அரசர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இப்போது?"

"நிசப்தம், அரசே."

குரல் இன்னும் தாழ்ந்தது. "அரசர் பாடினால், சளி பிடித்த கோவேறு கழுதை படியில் உருள்வது போல இருக்கிறது என்று பிரபு விருந்துகளில் சொல்லி மகிழ்வார். நடித்தும் காட்டுவார்."

ஒஸ்பர்ட் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். காதை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. அது அடியிலிருந்து நுனிவரை சிவந்தது. அரசர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கன் வெளியே வந்தான். "அரசே, கேட்டதா?"

"கழுதை உருண்டதுவரை கேட்டது."

"அப்படியானால் கதவில் குறை இல்லை. பிரபு பொய் சொல்கிறவரும் அல்ல. மிச்சம் இருப்பது ஒன்றுதான்." அவன் ஒஸ்பர்ட்டின் காதருகே போய், இரண்டு கைகளையும் வாயில் குவித்து அலறினான். "பிரபுவே! எப்போதிருந்து இப்படி? பிறவியிலேயேவா?" பிறகு அரசரிடம் துயரத்தோடு திரும்பினான். "பாவம், இத்தனை ஆண்டுகள் தலைநகரில் வழக்குக் கேட்டிருக்கிறார். வாதி பேசும்போதும் தலையாட்டினார், பிரதிவாதி பேசும்போதும் தலையாட்டினார். இனி அந்தச் சுமையை அவர் மேல் வைப்பது பாவம்."

நேற்றுவரை ஒஸ்பர்ட்டின் தோளோடு தோள் உரசியவர்கள் இதைக் கேட்டதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள்.

"அரசே, என் செவி மிகக் கூர்மையானது!"

"எங்கள் பரம்பரைக்கே நல்ல காது, அரசே!"

"எனக்குக் கேட்கும்!" என்று கத்தினார் ஒஸ்பர்ட். "எல்லாம் கேட்கும்! ஒரு குறையும் இல்லை!"

"எப்போதிலிருந்து?" என்றான் டிக்கன்.

"எப்போதும்!"

"அன்றைக்கும்?"

ஒஸ்பர்ட் அரசரைப் பார்த்தார். தம் பதவிக்காக வரிசையில் நின்ற நண்பர்களைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்தார்.

"அழுதது" என்றார். "இரண்டு தடவை."

டிக்கன் மண்டியிட்டான். "அரசே, அந்த அழுகை இத்தனை நாளும் பிரபுவின் காதுக்குள்தான் அடைபட்டுக் கிடந்தது. இப்போது அவர் வாய்வழியாக வெளியே வந்தது. தங்கள் காதால் கேட்டீர்கள்."

அரசர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழந்தை பிறந்தது, கோட்டை தாய்க்கு, அவளை அவள் விருப்பமின்றி யாரும் மணக்கக்கூடாது என்று சிரிப்புக்கு நடுவிலேயே தீர்ப்புச் சொன்னார். பதவி ஒஸ்பர்ட்டிடமே இருக்கட்டும், இனி அவர் வாயைத் திறந்தால் அந்தக் காதைப் பார்த்தே உண்மையைத் தெரிந்துகொள்ளலாம் என்றார். தம் தோளிலிருந்த நரித்தோல் போர்வையைக் கழற்றி டிக்கன் மேல் எறிந்தார். பிறகு வாத்து ஆறிவிடும் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். பெட்டியை உள்ளே எடுத்துவரப் பாதிரியார் ஆள் தேடிப் போனார்.

ஒஸ்பர்ட் மட்டும் கதவருகே நின்றார். கீழே போக அவருக்கு முகம் இல்லை. ஹவீசா அவரிடம் நடந்து வந்தாள். அவர் கன்னத்தில் அறை விழும் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினார்.

"எப்படி அழுதா?" என்றாள்.

"அம்மணி..."

"மன்னிப்பை நான் கேக்கலை. எப்படின்னு சொல்லுங்க."

ஒஸ்பர்ட் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "சின்னக் குரல். பூனைக்குட்டி மாதிரி. முதல் தடவை கோபமா."

"கோபமா?"

"குளிருதேன்னு கோபப்படுற மாதிரி. ரெண்டாவது அவ்வளவு கோபம் இல்லை. யாரையோ கூப்பிடுற மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் நான் காதை எடுத்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். கீழே கூடத்திலிருந்து அரசர் கூப்பிட்டார். "டிக்கன்! வா இங்கே! அந்தக் குதிரை மீசையை இன்னொரு தரம் சொல்!"

டிக்கன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். சொன்னான். அரசர் மறுபடி சிரித்தார். மேலே ஹவீசா வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே இடம் காட்டி, "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். ஒஸ்பர்ட் உட்கார்ந்தார்.