குடுமி சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் குழையூர்ச் சீமையை அலங்காரராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கண்ணாடியைப் பார்த்தால் நாட்டை மறந்துவிடுவான். அவனுக்கு ஒரே ஒரு குறை. காலையில் முகம் கழுவினால் உச்சிவேளைக்குள் மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழிந்து, வடை சுட்ட சட்டி மாதிரி மினுங்கும்.

அரண்மனை வாசனைக்காரர் சுகந்தநாதர் அதற்கு மருந்து கொண்டுவந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினம் கால்படி எண்ணெய் தடவி, கருநாகம் சுருண்ட மாதிரி பளபளவென்று ஒரு குடுமி வைத்திருப்பார். ஊரே அதைப் பார்க்க வேண்டும் என்று தலையைத் திருப்பித் திருப்பி நடப்பார்.

"மகாராஜா, இது சந்திரத்தூள். பௌர்ணமியில் நிலாவிலிருந்து உதிர்வது" என்று ஒரு வெள்ளிச் சிமிழை நீட்டினார்.

ஒரு சிட்டிகை பூசியதும் மினுமினுப்பு போய்விட்டது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிட்டிகைக்கே இவ்வளவு என்றால் கைப்பிடிக்கு எவ்வளவு! மூன்று வேளையும் அள்ளி அப்பினான். "எண்ணெய்தான் சத்துரு" என்று சுகந்தநாதர் சொன்னதால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் நிறுத்தினான்.

ஒரு மாதம் போனது. ராஜாவின் கன்னம் கோடையில் வற்றிய குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. சிரித்தால் தோல் கிழிந்து எரியும். உடனே ஓர் ஆணை போட்டான்: சபையில் யாரும் சிரிக்கக் கூடாது, பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும்!

"தூள் ஒத்துக்கொள்ளவில்லையோ?" என்று ராஜா கேட்டபோது சுகந்தநாதருக்கு வியர்த்தது. சட்டென்று பழியைத் தூக்கி ஏரிக்கரைச் சலவைத் தெருமேல் போட்டார். "தூளா? சலவைக்காரி காத்தாயி தங்கள் தலையணை உறையை மண்ணைப் போட்டு வெளுக்கிறாள். அந்த மண்தான் தங்கள் கன்னத்தை அறுக்கிறது!"

ராஜா யோசிக்கவேயில்லை. சலவைத் தெரு நாற்பது வீடும் பொழுது சாய்வதற்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டான்.

வந்தாள் காத்தாயி. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கண்ணில் நெருப்பு. காவல்காரன் குறுக்கே நீட்டிய ஈட்டியைக் கையாலே ஒதுக்கிவிட்டு நடுச்சபையில் நின்றாள்.

"ஏ பொம்பளை, வணங்கிப் பேசு!" என்றார் சுகந்தநாதர்.

"வணக்கம் மகாராஜாவுக்கு. உங்களுக்கு அப்புறமா வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "மகாராஜா, ஏரிக்கரை வெள்ளை மண்ணு எண்ணெயைக் குடிக்கிற மண்ணு. பட்டுல நெய் சிந்தினா அதைத் தூவி, ஒரு நாழிகை விட்டுத் தட்டுவோம். கறை மண்ணோட போயிடும். அதுக்கப்புறம் ஏழு தண்ணியில அலசித்தான் அரண்மனைக்கு அனுப்புறோம். உறையில ஒரு பொட்டு மண்ணு இருந்தாக் காட்டச் சொல்லுங்க!"

"நிலாத்தூளுக்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேசுகிறாள்!" என்று சுகந்தநாதர் எகத்தாளம் செய்தார்.

"உங்க தூளு நிலாவுல உதிர்ந்ததுன்னா, எங்க மண்மேட்டைச் சுத்தி எதுக்குங்க வேலி போட்டீங்க? அங்கேருந்து உங்க வாசல்வரைக்கும் வண்டித்தடம் கிடக்கே, நிலா மாட்டுவண்டி ஏறியா வந்துச்சு?"

சபையில் ஒருவர் சிரிப்பை விழுங்க இருமினார்.

"பொய்!" என்று கத்தினார் சுகந்தநாதர்.

"சரி, இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க தூளு ஒருத்தரைக் காய வைக்குமா?"

"காய வைக்கவே வைக்காது! உடம்பில் எங்கே பூசினாலும் மெருகுதான் ஏறும். இந்தக் குடுமிமேல் ஆணை!"

காத்தாயி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்தாள். "கேட்டுக்கிட்டீங்களா மகாராஜா? ஆணையிட்ட குடுமியே சாட்சி சொல்லட்டும். அந்தச் சிமிழை அதுமேலேயே கவுத்துங்க. ராஜா கன்னத்துக்கு மூணு வேளைன்னா, குடுமிக்கும் மூணு தடவை."

சுகந்தநாதர் குடுமியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "வேண்டாம்... இப்போதுதான் தடவினேன்..."

"மெருகு ஏறப்போகிறது, ஏன் பதறுகிறீர்?" என்றான் ராஜா. "பிடியுங்கள் அவரை!"

தூவினார்கள், தட்டினார்கள். மறுபடி தூவினார்கள், தட்டினார்கள். மூன்றாம் தடவை தட்டியபோது கருநாகம் செத்துப்போயிருந்தது. அது இருந்த இடத்தில் தேங்காய் நார் மாதிரி வெளுத்து, நாலு திசையும் விறைத்து, ஒரு கொத்து நின்றது. கிட்டே வந்து பார்த்த காத்தாயியின் இடுப்பிலிருந்து குழந்தை "ஙா!" என்று கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தது.

ராஜா சிரித்துவிட்டான். கன்னம் கிழிந்தது. "ஐயோ, எரிகிறதே!" என்று அலறிக்கொண்டே சிரித்தான். ஆணை காற்றில் பறக்க, சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மண்ணு மேல தப்பில்லை மகாராஜா. அதுக்கு எண்ணெயைக் குடிக்க மட்டும்தான் தெரியும். போதும்னு நிறுத்தத் தெரியாது. நிறுத்தவேண்டியது பூசுற கை. வழியிற இடத்துல ஒரு சிட்டிகை போட்டிருந்தா இந்தக் கதியே இல்லை. தோலுக்குன்னு இருக்கிற பசையையும் சேர்த்து உறிய விட்டுட்டு, எங்க நாப்பது வீட்டு அடுப்பை அணைக்கப் பாத்தீங்களே!"

ராஜா தலைகுனிந்தான். ஊரைக் காலி செய்யச் சொன்ன ஆணை ரத்தானது. மண்மேட்டு வேலியைச் சுகந்தநாதரே தன் கையால் பிடுங்க வேண்டும், அந்தக் குடுமியோடு, பட்டப்பகலில், என்று தீர்ப்பானது.

"காத்தாயி, அந்த மண்மேட்டை உங்கள் தெருவுக்கே பரிசாகக் கொடுத்தேன்!" என்றான் ராஜா.

"எங்க மண்ணை எங்களுக்கே பரிசாக் குடுக்காதீங்க மகாராஜா. ஏதாவது குடுக்கணும்னா, பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டுப் போகணுமேன்னு மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிற நாப்பது வீட்டுக்கும் நீங்களே நடந்து வந்து, 'தப்பு என்னோடது'ன்னு சொல்லுங்க."

ராஜா எழுந்தான். நல்லெண்ணெய் கொண்டுவரச் சொல்லி வெடித்த கன்னத்தில் தடவிக்கொண்டு, அது பளபளக்க, அவளுக்குப் பின்னால் ஏரிக்கரைக்கு நடந்தான். முகம் மினுங்குகிறதே என்று அன்று அவன் கண்ணாடியைத் தேடவேயில்லை.

அன்றிலிருந்து குழையூரில் யாராவது பெரிதாகச் சத்தியம் செய்தால், கேட்பவர்கள் முதலில் அவர்கள் தலையைத்தான் பார்ப்பார்களாம்.