வீடில்லாதவர் யாருமில்லாத நகரம்

முன்னொரு காலத்தில் என்றுதான் இதையும் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் காலம், எந்தத் தேசம் என்று என்னைப் போட்டுக் குடையாதீர்கள், எனக்குத் தெரியாது. அங்கே சந்திரசூடர் என்று ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் இல்லை. ஒரு கஷ்டம் கண்ணில் பட்டால் உருகிப்போவார், கண்ணை விட்டு அகன்றால் மறந்துபோவார். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு அசதியான காரியம் என்பது அவருடைய விதூஷகன் உலகப்பனுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைத்து, அந்த மனிதனுக்குச் சிரிப்பே மரத்துப்போயிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ராஜா பல்லக்கில் கிழக்குக் கோட்டை வாசல் பக்கம் போனார், உலகப்பனும் கூடவே நடந்தான். அங்கே நெற்களஞ்சியத்தின் சுவரோரம் வரிசையாக ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். ஒருவனுடைய கால் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அது மடக்க முடியாத கால். அதைத் தாண்டப் போன பல்லக்குத் தூக்கி தடுமாற, பல்லக்கு சாய்ந்து ராஜாவின் வெற்றிலைப் பெட்டி தெருவில் உருண்டது.

"இவர்கள் ஏன் தங்கள் வீட்டில் படுக்கக் கூடாது?" என்று கேட்டார் ராஜா.

"வீடு இல்லை, மகாராஜா."

"இல்லையா! எத்தனை நாளாக?"

"பட்டத்து யானை தாராளமாக நடக்கட்டும் என்று போன வருஷம் ராஜவீதியை அகலப்படுத்தினோமே, அன்றிலிருந்து."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரண்மனைக்குத் திரும்பிய கையோடு உத்தரவு போட்டார். சபை கூடி இதற்கொரு வழி காண வேண்டும், அதுவும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால்.

சபை கூடியது. கூடியதா என்றா கேட்கிறீர்கள்? தினந்தோறும் கூடியது! மந்திரிகளில் மூத்தவரான பிரதானி வயிரவநாதர் தலைமை. முதல் நாள் பூராவும் மகாராஜாவின் கருணையைப் புகழ்ந்தார்கள். இரண்டாம் நாள், இது மிகவும் கவலைக்குரிய விஷயம் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஒருவர் பெரிய மண்டபம் கட்டலாம் என்றார். வாசலில் யார் பெயரைப் பொறிப்பது என்பதில் பதினோரு நாள் சண்டை நடந்தது. இன்னொருவர், களஞ்சியத்துச் சுவரோரம் கூர்மையான கற்களைப் பதித்துவிட்டால் அங்கே யாரும் படுக்க மாட்டார்கள், விஷயம் தீர்ந்தது என்றார். மூன்றாமவர் எழுந்து, முதலில் வீடு என்றால் என்ன என்பதை நிர்ணயிக்க வேண்டும் என்றார். நாலு சுவர் இருந்தால் போதுமா, கூரையும் வேண்டுமா, கதவு இல்லாவிட்டால் அது வீடா? அதை ஆராய ஒரு சின்ன சபை போட்டார்கள். பானை பானையாக நீர்மோர் தீர்ந்தது. ஆடி போய் ஆவணியும் வந்தது. உலகப்பன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பேச்சையெல்லாம் கேட்டான். கேட்டுக் கேட்டு அவனுக்குப் பிடரி வலித்தது.

கடைசியில் பிரதானி ஒரு யோசனை சொன்னார். "எத்தனை பேருக்கு வீடில்லை என்பதே தெரியாமல் என்ன திட்டம் போடுவது? முதலில் கணக்கெடுப்போம்."

சபை ஆகா என்றது. உலகப்பன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். எடுத்தார்கள் ஐயா, இருபது நாள் எடுத்தார்கள்! நகரத்தில் ஒரு வீடு விடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இந்த வீட்டில் வீடில்லாதவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். எந்த வீட்டிலும் அப்படி ஒருவரும் இல்லை. பிரதானி ஓலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ராஜாவிடம் நீட்டினார். இந்த நகரத்துக் குடிகளில் வீடில்லாதவர் எவரும் இலர் என்று அதில் இருந்தது.

ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. முத்திரையைக் குத்தினார். தண்டோரா போட்டார்கள். நகரத்தாருக்கெல்லாம் வீடு இருப்பதால் தெருவில் கிடக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று ஆகிறது; ஆகையால் அவர்கள் மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்குள் கோட்டைக்கு வெளியே போய்விட வேண்டும்.

அன்று மத்தியானம் உலகப்பன் களஞ்சியத்து வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வெள்ளையம்மா என்பவள் அவனை மறித்துக்கொண்டாள். விளக்குமாறு கட்டி விற்கிறவள். பாதையில் கால் நீட்டிக் கிடந்தவன் அவள் புருஷன் மாடசாமிதான். ராஜவீதிக்குக் கல் சுமந்தபோது அந்தக் கால் ஒடிந்தது. அதே வீதிக்காக அவர்கள் குடிசையும் போனது. என்ன சொல்ல!

"ஐயா, எங்களப் போயி வெளியூருக்காரங்கன்னு சொல்றாங்களே! எங்கப்பன் பொறந்ததும் இங்கதான், நான் பொறந்ததும் இங்கதான்."

"கேட்டேன் தாயி."

"கோட்டைக்கு வெளிய என்ன இருக்கு? ஆத்து மணலு. ஐப்பசி பொறந்தா தண்ணி மதில் வரைக்கும் ஏறும். மத்தவங்க ஓடிருவாங்க. நான் இவரத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவேன்?"

மாடசாமி, "என்ன விட்டுட்டு ஓடு, உன்ன யாரு வேணாம்னா?" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பி, "வாய மூடிக்கிட்டுக் கெட" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

உலகப்பனுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. "நான் மந்திரி இல்லை அம்மா. விகடம் சொல்லிப் பிழைக்கிறவன்" என்றான்.

"அப்ப அதையாவது சொல்லுங்க" என்றாள் வெள்ளையம்மா.

மறுநாள் காலை உலகப்பன் சபையில் எழுந்தான். "மகாராஜா, கணக்கெடுப்பு ஓலையில் ஏதோ பிழை இருக்கிறது. களஞ்சியத்துச் சுவரோரம் கிடக்கிறவர்களைத் தாங்களே கண்ணால் பார்த்தீர்கள்."

"பார்த்தேனா?" என்றார் ராஜா. அவருக்கு வெற்றிலைப் பெட்டி உருண்டது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

பிரதானி இந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்தார். தான் வாய் திறந்தால் ராஜா கொட்டாவி விடுகிறார், இந்தக் கோமாளி வாய் திறந்தால் சிரிக்கிறார் என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. "மகாராஜா! ராஜமுத்திரை பொய் சொல்கிறது என்கிறார் உலகப்பன். சொல்லட்டும். நம் நகரத்துக் குடிகளில் வீடில்லாத ஒரே ஒருவரை நாளைக் காலை இங்கே கொண்டுவந்து காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், தெருவில் கிடக்கும் அந்தக் கூட்டத்தோடு இவரும் கோட்டையை விட்டு வெளியேறட்டும்."

பொறி எப்படி என்று பாருங்கள். காட்டாவிட்டால் நாடு கடத்தல். காட்டினாலோ முத்திரையைப் பொய்யாக்கிய குற்றம், அதற்குத் தலை போகும். ராஜா இதையெல்லாம் யோசித்தாரா என்ன? "சரி, அப்படியே ஆகட்டும்" என்று கையை அசைத்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

உலகப்பன் தூணடியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தான். பேசாமல் நாமும் ஆற்று மணலுக்கே போய்விடலாம், இந்த நீர்மோரையாவது குடிக்காமல் இருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு. அடுத்த வழக்கு ஒரு குடியானவனுடையது. ஓலையில் அவனுக்கு இரண்டு மா நிலம் என்று எழுதியிருக்கிறது. அளந்து பார்த்தால் தரையில் ஒன்றரை மாதான் இருக்கிறது. எழுதிய கிராமக் கணக்கன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ராஜா யோசிக்கவே இல்லை. "என் பாட்டனார் காலத்து வழக்கம் இருக்கிறதே. ஓலையில் இருப்பது தரையில் இல்லையென்றால், ஓலை எழுதியவன் தன் சொந்த நிலத்திலிருந்து கொடுக்க வேண்டும். கொடு, அரை மா."

தூணடியில் உலகப்பன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். சபை கலைந்ததும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஓலைகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போய்ப் பொழுது சாயும் வரை தேடினான்.

மூன்றாம் நாள் காலை சபா மண்டபத்தின் வாசலில் ஒரே கூட்டம். அறுபத்திரண்டு குடும்பம், சட்டி பானையோடு நிற்கிறது. முன்னால் வெள்ளையம்மா. மாடசாமியின் கை அவள் தோளில், அவன் பாரம் முழுக்க அவள்மேல். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன உலகப்பரே, வீடில்லாதவர் அகப்பட்டாரா?" என்று பிரதானி கேட்டார்.

"இல்லை பிரதானியாரே. நகரம் பூராவும் தேடினேன், ஒருவர்கூட அகப்படவில்லை. முத்திரை சொன்னது முழுக்க உண்மை."

பிரதானிக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அப்படியானால் இந்தக் கூட்டம்?"

"இவர்களா? வீடு உள்ளவர்கள்."

"வெளியூர்க்காரர்கள்!"

உலகப்பன் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். "மகாராஜா, ராஜவீதி அகலப்படுத்திய உத்தரவு இது. நம் நகரத்துக் குடிகளின் குடிசைகள் அறுபத்திரண்டு அப்புறப்படுத்தப்பட்டன என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. இந்த ஓலைப்படி இவர்கள் நகரத்துக் குடிகள். கணக்கெடுப்பு ஓலைப்படி நகரத்துக் குடிகள் எல்லோருக்கும் வீடு இருக்கிறது. இரண்டிலும் பிரதானியார் கையெழுத்து, இரண்டிலும் தங்கள் முத்திரை. ஆக, இவர்களுக்கு வீடு இருக்கிறது. சந்தேகமே இல்லை."

"எங்கே இருக்கிறது?" என்றார் ராஜா.

"அதுதான் மகாராஜா தெரியவில்லை. ஓலையில் இருக்கிறது, தரையில் இல்லை. இப்படி ஆனால் என்ன செய்வது என்று நேற்றுத்தான் தாங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள்."

நேற்று நடந்தது என்பதால் ராஜாவுக்கு ஞாபகம் இருந்தது. "ஓலை எழுதியவன் தன் சொந்தத்திலிருந்து..." என்று ஆரம்பித்தவர் பிரதானியின் பக்கம் திரும்பினார். மேற்கு வீதியில் பிரதானிக்கு மூன்று கட்டு வீடு. நாற்பது அறை. குடியிருப்பதோ அவரும் அவர் மனைவியும்.

"மகாராஜா! அது நிலத்துக்கு ஏற்பட்ட வழக்கம்!" என்று பதறினார் பிரதானி.

"வீடு ஆகாயத்திலா நிற்கிறது, பிரதானியாரே?" என்றான் உலகப்பன். "இல்லை, கணக்கில் பிழை, இவர்களுக்கு வீடில்லை என்று சொல்வதானால் சொல்லிவிடுங்கள். முத்திரை பொய் என்று நான் சொன்னால் குற்றம். நீங்கள் சொன்னால் எப்படியோ."

ராஜா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. வேறு வழியில்லாமல் பிரதானியும் இளித்தார். ராஜா கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி உலகப்பனை நோக்கி வீசினார். "உலகப்பா! இந்த வருஷத்தின் விகடம் இதுதான்! எங்கே, இன்னொரு தரம் சொல்!"

உலகப்பன் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டான். இன்னொரு தரம் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

வெள்ளையம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் என்ன வேடிக்கை என்றே விளங்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மகாராசா, சிரிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள்.

சபையார் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எந்த வாசல் வழியா உள்ள போவணும்னு மட்டும் சொல்லிருங்க. விடிஞ்சதுலேருந்து இவரத் தாங்கிக்கிட்டு நிக்கிறேன். தோளு விட்டுப்போச்சு."

ராஜா அவளைப் பார்த்தார். அவள் தோளில் கிடந்த கையைப் பார்த்தார். கீழே, மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. சிம்மாசனத்திலிருந்து எழுந்து நின்று, "முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அம்மா. என் பல்லக்கில் அவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்" என்றார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு குடும்பமும் பிரதானியின் நாற்பது அறையிலும் கூடத்திலும் நெருக்கியடித்துப் படுத்தன. பிரதானியின் மனைவி மறுநாளே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தன் வீடு தனக்குத் திரும்ப வேண்டுமே என்ற தவிப்பில் பிரதானி தானே நேரில் நின்று மரம் இழுக்க வைத்து, மழையோடு மழையாக மண் குழைக்க வைத்து, வடக்கு மேட்டில் அறுபத்திரண்டு வீடு கட்டி முடித்தார். அத்தனைக்கும் ஆனது நாற்பது நாள். அந்த நாற்பது நாளில் சபை ஒரு தடவைகூடக் கூடவில்லை.