வாய்க்கால் கரைக்குப் போன மண்புழுக்கள்

வாய்க்கால் ஓரமாக ஒரு சின்ன மடம் இருந்தது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது அங்கே விரதம். மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் கஞ்சியும் கீரையும் உண்டு. மடத்தை நடத்தியவர் தவமணி அம்மாள். கீரைத் தோட்டம் மாசிலாமணியின் பொறுப்பு. அவர் சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். மனைவி போன பிறகு, மிச்ச காலத்துக்கு யாருக்காவது உபயோகமாக இருப்போம் என்று வந்து சேர்ந்த மனுஷர்.

அன்றைக்குப் பந்தியில் கீரை இல்லை. வெறும் கஞ்சி, உப்பு. வாயும் வயிறுமாக வந்திருந்த ஒருத்தி, "கொஞ்சம் கீரை போடுங்களேன்" என்று தட்டை நீட்டினாள். மாசிலாமணி கரண்டியும் கையுமாக விழித்தார். அவள், பாவம், புரிந்துகொண்டு தட்டை இழுத்துக்கொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பந்தி முடிந்ததும் மண்வெட்டியைக் கொண்டுவந்து அம்மாள் முன்னால் வைத்தார்.

"நான் கிளம்பறேன்மா."

"எங்கே?"

"எங்கேயோ. இடுப்பு விட்டுப் போச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது. இந்தத் தோட்டம் என் உசிரை வாங்குதே தவிர, ஒரு கட்டு கீரை தர மாட்டேங்குது."

"தினமும் என்ன செய்யறீங்க?"

சொன்னார். ஒளிக்க என்ன இருக்கிறது? விடிந்ததும் ஒரு சருகு விடாமல் கூட்டி அள்ளுவார். சருகு கிடந்தால் பூச்சி அண்டும், காலில் மிதிபடும். பிறகு குனிந்து மண்ணைக் கையால் கிளறி, மண்புழு, மரவட்டை, வண்டு என்று அகப்பட்டதையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போடுவார். சருகோடு சேர்த்து வாய்க்கால் கரையில் பத்திரமாக விட்டுவிட்டு வருவார். அதற்கப்புறம்தான் மண்வெட்டியைத் தொடுவார். எருப் போட்டால் புழு வைக்கும், புழு வைத்தால் வெட்டுப்படும் என்று எருவையும் நிறுத்திவிட்டார்.

வருகிறவர்கள் எல்லாம், "என்ன இரக்கம், என்ன இரக்கம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏனய்யா இப்படி என்று ஒருத்தர் கேட்டதில்லை. கும்பிடுகிறவர்கள் என்றைக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்?

"ஒரு எறும்புக்குக்கூட நான் கெடுதல் நினைச்சதில்லைம்மா. அப்புறம் ஏன் இந்த மண்ணு செத்துக் கிடக்கு? என் கை ராசியா? நான் தொட்டதெல்லாம் இப்படித்தான் போகுமா?"

அம்மாள் எழுந்தார்.

"வாங்க. நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கிக் காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"விரலை விடுங்க."

மாசிலாமணி அழுத்திப் பார்த்தார். நகம்தான் வலித்தது.

அங்கிருந்து அம்மாள் அவரை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனார். அவர் தினமும் கூடையைக் கவிழ்க்கிற இடம். வருவார், கவிழ்ப்பார், வேலை கிடக்கிறது என்று ஓடிவிடுவார். நின்று பார்த்ததே இல்லை. அங்கே குப்பைக்கீரை இடுப்பளவு நின்றது.

"இங்கே விடுங்க."

விரல் முழுசாக இறங்கியது. மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. அம்மாள் சருகை விலக்கினார். அடியில் ஒரே சந்தடி. மண்புழு நெளிந்தது, மரவட்டை சுருண்டது. மக்கின இலையில் பூஞ்சணம் வெள்ளை வெள்ளையாக நூல் விட்டிருந்தது.

"ஐயையோ!" என்று மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பக் கொண்டு போயிடலாம்மா. ஆனா மண்வெட்டி பட்டா சாகுமே? அந்தப் பாவம்?"

"இந்தக் கரையை யார் கொத்தினது?"

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"யாரும் கொத்தலை."

அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்ணும் சருகும் புழுவுமாகக் கூடை நிறைய அள்ளினார். மாசிலாமணி கை கொடுக்க எழுந்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. விந்தி விந்திப் பின்னாலேயே போனார்.

தோட்டத்தில் அம்மாள் கூடையைக் கவிழ்த்து, மேலே சருகைப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். காற்றில் நாலு சருகு பறந்து வரப்பில் விழுந்தது. பழக்கதோஷம், மாசிலாமணி குனிந்தார்.

"விடுங்க, கிடக்கட்டும்."

அவர் நிமிர்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"நாளையிலேர்ந்து நான் என்னம்மா செய்யறது?"

"ஒண்ணும் வேண்டாம். பந்திக்குக் கரையில கீரை பறிச்சுக்கலாம்."

"அது சரி. இங்கே? சும்மா விட்டா ஆச்சா? யாரு வேலை பார்ப்பா?"

அம்மாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். அவருக்கும் களைப்புதான்.

"ஐயா, வேலை பார்க்கிறவங்களையெல்லாம் பாவம் பாவம்னு வெளியே அனுப்பிட்டு, அத்தனை பேர் வேலையையும் வருஷக்கணக்கா நீங்க ஒத்தை ஆளா இழுத்திருக்கீங்க. அவங்க வந்தாச்சு. நீங்க போய்ப் படுங்க."